மலையேறும் ஜீப்புக்கு ஒரு கேம் ஷாஃப்ட்: வில்லிஸ் ஃபிளாட்ஹெட் எஞ்சினில் செய்த வேலை

கன்னியாகுமரி மாவட்டத்தில், தடிக்காரன்கோணத்துக்கு அப்பால் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் வில்லிஸ் ஜீப், சி.ஜே.-3ஏ. சமதளத்தில் ஒழுங்காக ஓடும். கீரிப்பாறை ஏற்றத்தில் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு போனால் இழுவை இருக்காது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார்புரேட்டர் வழியாக டப் டப் என்று வெடிக்கும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். பிளக், பாயிண்ட், கண்டன்சர், காயில் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். வெடிச்சத்தம் நிற்கவில்லை. பேசாமல் டீசல் எஞ்சின் மாற்றிவிடுங்கள் என்று பலரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்து மலைத்தோட்டங்களில் இருந்த பழைய பெட்ரோல் ஜீப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் டீசலாக மாறின. எனக்கு அது மனம் ஒப்பவில்லை. இந்த எஞ்சின் மலைக்கென்றே அமைந்தது போன்றது, கேம் ஷாஃப்ட்டில் வால்வைத் திறக்கும் முட்டை வடிவ மேடுகளில் ஒன்று, அதாவது ஒரு லோப், தேய்ந்ததற்காக முழு எஞ்சினைத் தூக்கி எறிவது நியாயமில்லை.

எஞ்சினைப் பற்றி முதலில் கொஞ்சம். வில்லிஸ் எல்-134, 'கோ டெவில்' என்று பெயர் பெற்றது. நான்கு சிலிண்டர், 134 கன இஞ்ச், அதாவது சுமார் 2,200 சி.சி. போர் (சிலிண்டரின் விட்டம்) 3.125 இஞ்ச், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 4.375 இஞ்ச். போரைவிட ஸ்ட்ரோக் நன்றாக நீளம், அதனால் குறைந்த வேகத்திலேயே இழுக்கும். வில்லிஸின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் பழைய 48 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்து 60 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்தார். அந்த 60 வருவது 4,000 ஆர்.பி.எம்மில். மலையில் நமக்கு வேண்டியது டார்க், அதாவது சுழற்றும் விசை. அது உச்சத்துக்கு வருவது 2,000 ஆர்.பி.எம்மிலேயே.

வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில், தலை மேலே பார்க்க நிற்கும். இதைத்தான் சைடு வால்வு, ஃபிளாட்ஹெட் என்கிறோம். ராக்கர் கிடையாது, புஷ் ராட் கிடையாது. கேம், நடுவே நிற்கும் சிறு தண்டான டேப்பெட்டைத் தூக்கும், டேப்பெட் வால்வைத் தூக்கும். கேமில் இருக்கும் லிஃப்ட்டில் (தூக்கும் உயரத்தில்) டேப்பெட் இடைவெளி, அதாவது டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி, போக மீதி அப்படியே வால்வில் வரும். ராக்கர் இருந்தால் அது கேமின் அசைவைப் பெருக்கிக் கொடுக்கும். இங்கே பெருக்க ஆள் இல்லை, கேமில் ஒரு மில்லிமீட்டர் போனால் வால்விலும் ஒரு மில்லிமீட்டர் போய்விடும். ஆகவே இந்த வகை எஞ்சினில் இழுவை குறைந்தால் நான் கார்புரேட்டருக்கு முன்னால் கேமைத்தான் பார்ப்பேன்.

கம்ப்ரெஷன் நான்கு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டியது. எக்ஸாஸ்ட் லோப் தேய்ந்த எஞ்சினில் கம்ப்ரெஷன் கேஜ் நல்லபடியாகவே காட்டும், அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். காற்று உள்ளே வருவதும் அடைபடுவதும் சரியாக இருக்கும், எரிந்த புகை வெளியே போவதில்தான் குறை. போகாமல் தங்கிய சூடான புகை, இன்டேக் வால்வு திறந்தவுடன் அந்த வழியாகத் திரும்பி மேனிஃபோல்டுக்குள் பாய்ந்து அங்கிருக்கும் பெட்ரோல் கலவையைப் பற்றவைக்கும். கார்புரேட்டரில் கேட்ட வெடிச்சத்தம் அதுதான்.

ஹெட்டைக் கழற்றினோம். சைடு வால்வு எஞ்சினில் ஹெட் என்பது வெறும் மூடி, கழற்ற அதிக நேரம் ஆகாது. ஒவ்வொரு வால்வின் தலையிலும் டயல் கேஜ் வைத்து, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். இன்டேக் நான்கும் 8.7 மி.மீ. அளவில் ஏறின. எக்ஸாஸ்ட் மூன்று 8.6 காட்டின. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் மட்டும் 7.4.

ஏன் அந்த ஒன்று மட்டும்? தோட்டக்காரர் சொன்னதிலிருந்து புரிந்தது. இந்த ஜீப் நெடுநாள் ஓடாமல் ஷெட்டில் நின்றிருக்கிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மலையடிவாரத்தில் காற்று காய்வதே அபூர்வம். எஞ்சின் நிற்கும்போது ஏதோ ஒரு வால்வு முழுதாகத் திறந்த நிலையில் நிற்கும். ஸ்பிரிங் அழுத்தத்தில் அந்த லோப்பின் மூக்குக்கும் டேப்பெட்டுக்கும் நடுவே இருக்கும் எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடும். அங்கே ஈரம் இறங்கிப் புள்ளிப் புள்ளியாகத் துரு பிடிக்கும். பிறகு எஞ்சினை ஓட்டியதும் அந்தத் துருப்புள்ளிகள் டேப்பெட் முகத்தை அரிக்கும், அரிபட்ட டேப்பெட் திரும்ப லோப்பை அரிக்கும். கழற்றிப் பார்த்தபோது அந்த டேப்பெட்டின் முகம் குழிந்தே போயிருந்தது.

கேமை வெளியே எடுக்க எஞ்சினை ஜீப்பிலிருந்து இறக்கினோம். இந்த எஞ்சினில் டேப்பெட்டுகள் கீழிருந்து மேலே போடப்பட்டவை. கேமை உருவும்போது அவை கீழே விழுந்து குறுக்கே நிற்கும். ஆகவே எல்லா டேப்பெட்டையும் மேலே தூக்கி, துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்து நிறுத்த வேண்டும். இது பழைய ஜீப் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த வழி. ஃப்யூல் பம்ப், ஆயில் பம்ப் இரண்டையும் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும், இரண்டும் கேமிலிருந்துதான் ஓடுகின்றன. ஆயில் பம்பின் தண்டுதான் டிஸ்ட்ரிபியூட்டரையும் சுற்றுகிறது. அதைக் கழற்றும் முன் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அடையாளம் போட்டுவைத்தேன். திரும்பப் போடும்போது ஒரு பல் மாறினால் இக்னிஷன் டைமிங் முழுதும் கலைந்துவிடும்.

கேம் ஷாஃப்ட் பிளாக்கில் தாங்கிச் சுழலும் இடங்களான ஜர்னல்கள் நான்கும் நல்ல நிலையில் இருந்தன. முன்பக்க புஷ்ஷை மட்டும் புதிதாகப் போட்டோம். ஷாஃப்ட்டை வி-பிளாக்கில் வைத்துச் சுற்றிப் பார்த்ததில் வளைவு 0.03 மி.மீ.க்குள் இருந்தது. அதிகம் வளைந்திருந்தால் கிரைண்டிங்குக்கு முன்னாலேயே நிமிர்த்த வேண்டும், பிறகு நிமிர்த்தினால் லோப்புகளின் அளவு மாறிவிடும்.

அடுத்தது அளவெடுப்பது. இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவழித்த இடம் இதுதான், செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான். ஷாஃப்ட்டை லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்து, ஒரு முனையில் டிகிரி வீல் (டிகிரி கோடுகள் போட்ட வட்டத்தகடு) மாட்டி, டயல் கேஜின் முனையில் தட்டையான வட்டத்தகடு பொருத்தினேன். டேப்பெட் முகம் தட்டை, ஆகவே அளக்கும் முனையும் தட்டையாக இருக்க வேண்டும். கூர்முனை வைத்து அளந்தால் லோப்பின் பக்கச் சரிவில் வேறு கணக்கு வரும், அது டேப்பெட் உண்மையில் நகரும் கணக்கு அல்ல. இரண்டு டிகிரிக்கு ஒரு முறை டயலைப் படித்து நோட்டில் எழுதினேன்.

வில்லிஸ் கையேட்டின் கணக்கு இது (டாப் சென்டர் என்பது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம், பாட்டம் சென்டர் அடியில் நிற்கும் இடம்): இன்டேக் வால்வு டாப் சென்டருக்கு 9 டிகிரி முன்னால் திறந்து, பாட்டம் சென்டருக்கு 50 டிகிரி பின்னால் மூடும். எக்ஸாஸ்ட் பாட்டம் சென்டருக்கு 47 டிகிரி முன்னால் திறந்து, டாப் சென்டருக்கு 12 டிகிரி பின்னால் மூடும். இரண்டுக்கும் திறந்திருக்கும் நேரம் ஒன்றே, 239 டிகிரி. இதிலிருந்து இன்டேக் லோப்பின் உச்சி டாப் சென்டருக்கு 110.5 டிகிரி பின்னால், எக்ஸாஸ்ட்டின் உச்சி 107.5 டிகிரி முன்னால் என்று வருகிறது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் லோப்புகளுக்கு நடுவே 109 டிகிரி, இது கேம் டிகிரி. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று, ஆகவே கேமில் 1 டிகிரி என்பது கிராங்கில் 2 டிகிரி. என் நோட்டில் இருந்த எண்கள் இந்தக் கணக்கோடு பொருந்தின. தேயாத இன்டேக் லோப் ஒன்றும், நல்ல எக்ஸாஸ்ட் லோப் ஒன்றும் ஏறக்குறைய ஒரே வளைவைக் காட்டின. ஒரே மாஸ்டர், அதாவது அரைக்கும்போது வடிவத்தைக் கொடுக்கும் மாதிரிக் கேம், எட்டு லோப்புக்கும் போதும் என்பது அப்போது உறுதியானது.

வேகமாக ஓடும் கேம் போட்டால் என்ன என்று தோட்டக்காரரின் மகன் கேட்டான். அமெரிக்காவில் 1932 முதல் 1953 வரை வந்த ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி-8 எஞ்சின்களுக்கு எட் வின்ஃபீல்டு, எட் இஸ்கெண்டேரியன் போன்றவர்கள் அரைத்துக் கொடுத்த பந்தயக் கேம்களைப் பற்றிப் படித்திருக்கிறான். நல்ல கேள்விதான். அந்தக் கேம்கள் வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும், இன்டேக்கைத் தாமதமாக மூடும். 4,000 ஆர்.பி.எம்முக்கு மேலே காற்று வேகமாக வருவதால், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். 1,500 ஆர்.பி.எம்மில் அந்த வேகம் காற்றுக்குக் கிடையாது. உள்ளே வந்தது திரும்ப இன்டேக் வழியாகவே வெளியே போய்விடும். பந்தயத்தில் லாபமானது கீரிப்பாறை ஏற்றத்தில் நஷ்டம்.

லிஃப்ட்டைக் கூட்டுவதிலும் சைடு வால்வில் ஒரு தடை உண்டு. காற்று வால்வைத் தாண்டி மேலே எழும்பி, ஹெட்டின் கூரைக்கும் பிளாக்குக்கும் நடுவே பக்கவாட்டில் திரும்பிச் சிலிண்டருக்குள் போக வேண்டும். வால்வு மேலே போகப் போக கூரை நெருங்கும், நெரிசல் கூடும். கூரையை உயர்த்தினால் கம்ப்ரெஷன் குறையும். ஏற்கெனவே 6.5-க்குக் கொஞ்சம் குறைவான கம்ப்ரெஷன்தான் இந்த எஞ்சினில். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ 1919 வாக்கில் சைடு வால்வு ஹெட்டின் கூரையைப் பிஸ்டனுக்கு மேலே தாழ்த்தி, கலவையைக் கலக்கி எரியவைத்தது அந்தக் காலத்தில் பெரிய முன்னேற்றம். அந்தத் தாழ்ந்த கூரையைக் கெடுத்து லிஃப்ட் வாங்குவதை நான் விரும்பவில்லை.

ஆகவே லிஃப்ட்டும் நேரமும் பழையபடியே. ஒரே ஒரு மாற்றம்: கேமைக் கிராங்க் கணக்கில் 4 டிகிரி முன்னால் தள்ளுவது. இன்டேக் 13-ல் திறந்து 46-ல் மூடும், எக்ஸாஸ்ட் 51-ல் திறந்து 8-ல் மூடும். 4 டிகிரி சிறிய எண்ணாகத் தெரியலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்டேக் 50 டிகிரியில் மூடும்போது பிஸ்டன் அடியிலிருந்து கிட்டத்தட்ட 16 மி.மீ. ஏறிவிட்டிருக்கும். 46 டிகிரியில் சுமார் 13.5 மி.மீ. அந்த இரண்டரை மில்லிமீட்டர் உயரத்துக் காற்று இனி திரும்பிப் போகாது. மெதுவாகச் சுற்றும்போது அடைபடும் காற்று இரண்டு, இரண்டரை சதவீதம் கூடும், அழுத்தமும் அதற்கேற்ப ஏறும். 3,500-க்கு மேலே கொஞ்சம் இழப்போம். அந்த வேகத்தை இந்த ஜீப் மலையில் பார்க்கப்போவதே இல்லை.

இந்த வேலைக்கு நாகர்கோவில் பக்கம் கிராங்க் கிரைண்டிங் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் போனேன். லாரி கிராங்க், குளச்சல் படகுகளின் எஞ்சின் கிராங்க் எல்லாம் அவரிடம் வரும். ஷாஃப்ட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மக்கா, கிராங்க்னா உருண்டை. இது முட்டை. மெஷின் நம்மகிட்ட இருக்கு, இத ஆட்டுறதுக்கு வழி நீ சொல்லு."

"வழி இருக்கு அண்ணாச்சி. தொட்டிலும் மாஸ்டரும் நான் பண்ணித் தாறேன். வீல நீங்க பாத்துக்கிடுங்க."

தொட்டில் என்று நான் சொன்னது கிரைண்டர் டேபிளின் மேல் ஆடும் ஒரு சட்டம். கேம் ஷாஃப்ட் அந்தச் சட்டத்தில் சென்டருக்கு நடுவே நிற்கும். அதே அச்சில், ஷாஃப்ட்டின் முனையில் மாஸ்டர் கேம். மாஸ்டருக்கு எதிரே, நகராமல் நிற்கும் ஒரு ரோலர். ஸ்பிரிங் இழுத்து மாஸ்டரை ரோலரோடு ஒட்டிவைத்திருக்கும். மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது மாஸ்டரின் மேடு ரோலரை முட்டும், சட்டம் பின்னால் ஆடும். அந்த ஆட்டத்தின்படியே ஷாஃப்ட் கிரைண்டிங் வீலுக்கு அருகிலும் தூரத்திலும் போய்வரும், லோப்பின் வடிவம் வெட்டப்படும். இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த இஸ்கெண்டேரியன், சாதாரண சிலிண்ட்ரிகல் கிரைண்டரைத்தான் கேம் கிரைண்டராக மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடங்கினார். நம் ஊர்ப் பட்டறையிலும் அது நடக்கும் என்ற தைரியம் எனக்கு அதைப் படித்தபோதே வந்தது.

மாஸ்டர் செய்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வீலின் விட்டமும் ரோலரின் விட்டமும் ஒன்றாக இல்லாவிட்டால், மாஸ்டரும் லோப்பும் ஒரே வடிவமாக இருக்காது. அண்ணாச்சியின் வீல் சுமார் 600 மி.மீ., நான் வைத்த ரோலர் 100 மி.மீ. இதற்கான வழி, எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிப் போடுவது. நல்ல லோப்பைத் தொட்டிலில் வைத்து, வீல் இருக்க வேண்டிய இடத்தில் 300 மி.மீ. ஆரமுள்ள இரும்பு வில் ஒன்றைப் பொருத்தினேன். முழு வட்டம் தேவையில்லை, லோப் தொடும் இடம் மட்டும் இருந்தால் போதும். ரோலர் இருக்க வேண்டிய இடத்தில் 100 மி.மீ. சிறு கிரைண்டிங் வீல். இப்போது நல்ல லோப் வில்லின் மேல் உரசிக்கொண்டு தொட்டிலை ஆட்டும், சிறு வீல் மாஸ்டருக்கான இரும்பை வெட்டும். பிறகு இரண்டையும் அதனதன் இடத்தில் மாற்றிவைத்தால் கணக்கு நேராகிவிடும். சிறு வீல் தேய்ந்துகொண்டே வரும் என்பதால் அதைக் கொஞ்சம் பெரிதாகத் தொடங்கி, கடைசி வெட்டின்போது சரியாக 100-க்கு டிரஸ் செய்தோம், அதாவது வீலின் முகத்தைச் சீவிச் சரிசெய்தோம்.

லோப்பின் இரண்டு பக்கமும் இருக்கும் சரிவின் தொடக்கத்தில், டேப்பெட் இடைவெளியை மெதுவாக எடுத்துக்கொள்ளும் ஒரு நீண்ட மெல்லிய ஏற்றம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, டயலில்தான் தெரியும். அது மாஸ்டரில் வராவிட்டால் வால்வு ஒவ்வொரு தடவையும் சுத்தியல் அடிபோல் திறந்து மூடும். மாஸ்டரை முடித்ததும் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தேன்.

மூன்றாவது எக்ஸாஸ்ட் லோப்பின் மூக்கில் 1.2 மி.மீ. இல்லை. அதற்கு வெல்டிங் வைத்து ஏற்றலாம் என்பது ஒரு வழி. நான் வேண்டாம் என்றேன். ஓரிடத்தில் மட்டும் வெல்டிங் சூடு போனால் ஷாஃப்ட் வளையும், பக்கத்தில் இருக்கும் கடினப்பதம் இளகும். அதற்குப் பதிலாக எட்டு லோப்பையும் எல்லாப் பக்கமும் 1.3 மி.மீ. உள்ளே இறக்கினோம். தட்டை முக டேப்பெட்டுக்கு இதில் ஒரு நல்ல குணம் இருக்கிறது: லோப் முழுதும் ஒரே அளவு உள்ளே போனால், டேப்பெட் ஏறி இறங்கும் கணக்கு கொஞ்சமும் மாறாது. பெரிய வீல் என்பதால் வெட்டும் இடம் கிட்டத்தட்டத் தட்டையாகவே நடந்துகொள்ளும், அதுவும் உதவி. ஒரே விலை, மூக்கின் ஆரம் அதே 1.3 மி.மீ. குறைந்து கொஞ்சம் கூராகும், அங்கே அழுத்தம் கூடும். அளந்து பார்த்ததில் மூக்கு இன்னும் போதுமான அகலத்தில் இருந்தது. பந்தயக் கேம் போல வேகமாகத் தூக்கும் லோப்பாக இருந்திருந்தால் இவ்வளவு இறக்கத் துணிந்திருக்க மாட்டேன்.

கோணப் பிரிப்புக்கு 40-க்கு 1 டிவைடிங் ஹெட், அதாவது கைப்பிடியை 40 சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் ஒரு சுற்றுத் திரும்பும் கருவி. கைப்பிடியின் ஒரு சுற்று 9 டிகிரி. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2, ஆகவே ஒரே வகை லோப்புகள் இந்த வரிசையில் 90 டிகிரிக்கு ஒன்று, 10 சுற்று. ஒரே சிலிண்டரின் எக்ஸாஸ்ட்டுக்கும் இன்டேக்குக்கும் 109 டிகிரி: 12 முழுச் சுற்று, அதன் மேல் 18 துளை வட்டத்தில் 2 துளை. இவ்வளவு சுத்தமாக வரும் எண் அமைந்தது சந்தோஷம். முன்னால் தள்ளும் 4 டிகிரியையும் இங்கேயே, கேம் சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பூட்டும் கீ இருக்கும் பள்ளத்திலிருந்து கேம் கணக்கில் 2 டிகிரி நகர்த்தி வைத்தோம். படிபோட்ட கீ போட்டும் அதைச் செய்யலாம், ஆனால் அடுத்து எஞ்சினைப் பிரிப்பவர் தெரியாமல் நேர் கீ போட்டுவிட்டால் வேலை வீணாகும்.

எந்தத் திசையில் தள்ளுவது என்பதில் கவனம் மிக முக்கியம். போர்க்காலத்து ஜீப்பின் எல்-134-ல் கேமைச் செயின் ஓட்டியது, கேமும் கிராங்கும் ஒரே பக்கம் சுற்றும். போருக்குப் பிறகு பல் சக்கரத்துக்கு மாற்றினார்கள், அதில் கேம் எதிர்ப்பக்கம் சுற்றும். வெளியிலிருந்து பார்க்க ஷாஃப்ட்டுகள் அண்ணன் தம்பி மாதிரி தெரிந்தாலும் ஒன்றை இன்னொன்றில் போட முடியாது. எங்களுடையது பல் சக்கரம். ஷாஃப்ட்டின் மேல் சுற்றும் திசையைப் பெயிண்டால் அம்புக்குறி வரைந்துவிட்டுத்தான் முதல் வெட்டைத் தொடங்கினோம்.

கிரைண்டிங் அண்ணாச்சியின் கைவேலை. முதலில் 0.02 மி.மீ. வெட்டு, கடைசியில் 0.005. கூலன்ட் நிற்காமல் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லோப்பின் சரிவில் வீல் தொடும் இடம் வேகமாக ஓடும், மூக்கில் மெதுவாக ஓடும். அவசரப்பட்டால் சரிவில் நீலம் பாயும், அந்த நீலம் இருக்கும் இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். நீளமான ஷாஃப்ட் என்பதால் நடு ஜர்னலில் ஸ்டெடி வைத்து வளையாமல் தாங்கிக்கொண்டார். ஒவ்வொரு லோப் முடிந்ததும் வீலைத் தொட்டுப் பார்த்து டிரஸ் செய்தார். அவர் காதாலேயே வீலின் சத்தத்தைப் படிப்பவர். அந்த அனுபவம் எந்த மாஸ்டரிலும் கிடைக்காது.

1.3 மி.மீ. எடுத்த பிறகு பதம் மிச்சம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஒரு பொறியியல் கல்லூரி லேபில் கடினத்தன்மை பார்த்தோம். மூக்குகளில் ராக்வெல் சி 55-க்கு மேல், லோப்பின் மேடில்லாத உருண்டைப் பகுதியான அடிவட்டத்தில் அதைவிடக் குறைவு. அடிவட்டத்தில் குறைவது பரவாயில்லை, வால்வு மூடியிருக்கும்போது அங்கே ஸ்பிரிங் பாரம் கிடையாது. மூக்கில் 50-க்குக் கீழே காட்டியிருந்தால் திரும்பப் பதம் போடாமல் இந்த ஷாஃப்ட்டை எஞ்சினில் வைத்திருக்க மாட்டேன். பிறகு மாங்கனீஸ் பாஸ்பேட் பூச்சு. கறுப்பாகத் தெரியும் அந்தப் பூச்சின் நுண்துளைகள் எண்ணெயைப் பிடித்துவைக்கும், முதல் சில நிமிட ஓட்டத்தில் உலோகமும் உலோகமும் நேரடியாக உரசாமல் காக்கும்.

டேப்பெட்டுகளில் குழிந்தது ஒன்றைப் புதிதாக வாங்கி, மற்ற ஏழையும் முகம் அரைத்துப் பளபளப்பாக்கினோம். புதிய லோப்பில் பழைய டேப்பெட்டை அரைக்காமல் போடுவது கேமைக் கொல்வதற்குச் சமம். டேப்பெட் லோப்பின் நடுவில் அல்லாமல் கொஞ்சம் தள்ளி உட்காரும், அதனால் ஏறி இறங்கும்போதே மெதுவாகச் சுழலும். எல்லாவற்றிலும் பெயிண்ட் கோடு போட்டு, கிராங்கைச் சுற்றி, எட்டும் சுழல்கிறதா என்று பார்த்தேன். ஒன்று நின்றுகொண்டே இருந்தது, அதன் துளையில் பழைய பிசின் ஒட்டியிருந்தது. சுத்தம் செய்ததும் சுழன்றது.

லோப் 1.3 மி.மீ. இறங்கியதால் டேப்பெட் திருகை அந்த அளவுக்கு மேலே ஏற்ற வேண்டும். அதே சமயம் வால்வு சீட்டும் கட் செய்திருந்தோம். சைடு வால்வில் சீட்டை வெட்டினால் வால்வு கீழே, டேப்பெட்டை நோக்கி இறங்கும். ஏறக்குறைய 0.4 மி.மீ. அப்படி இறங்கியதால் திருகில் ஏற்ற வேண்டியது 0.9 மி.மீ.தான், மரை தாராளமாக இருந்தது. சீட் வேலையும் கேம் வேலையும் ஒன்றாகச் செய்தால் இந்த வசதி உண்டு.

மாட்டும்போது கிராங்க் பல் சக்கரத்தின் அடையாளப் பல், கேம் சக்கரத்தின் இரண்டு அடையாளங்களுக்கு நடுவே வர வேண்டும். அதைப் பார்த்ததோடு நிறுத்தாமல், முன் புல்லியில் டிகிரி வீல் மாட்டி, கையேடு சொல்வதுபோல் முதல் இன்டேக் இடைவெளியை 0.020 இஞ்ச் வைத்து, எந்த இடத்தில் திறக்கிறது என்று பார்த்தேன். 13 டிகிரி. நாங்கள் எதிர்பார்த்ததே. பிறகு வால்வு தலைகளில் பிளாஸ்டிசின் ஒட்டி, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு இறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தேன். கூரைக்கும் வால்வுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. கடைசியாக எல்லா டேப்பெட்டையும் 0.016 இஞ்சுக்கு, அதாவது சுமார் 0.4 மி.மீ.க்கு வைத்தேன்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. இப்போதைய பெட்ரோல் கார் எண்ணெய்களில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள், எக்ஸாஸ்ட்டில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் காப்பதற்காக. ரோலர் வைத்த புது எஞ்சின்களுக்கு அது போதும். தட்டை முக டேப்பெட்டுக்கு அந்தச் சேர்மானம்தான் கவசம். நான் சிஐ-4 தரத்து 15டபிள்யூ-40 டீசல் எண்ணெய் ஊற்றினேன். லோப்புகளில் மாலிப்டினம் பேஸ்ட் தடவி, ஆயில் பம்புக்குள் எண்ணெய் நிரப்பி, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றினோம். ஸ்டார்ட் ஆனவுடன் ஐடிலில் விடக் கூடாது. கேம் லோப்புகளுக்கு எண்ணெய் கிராங்க் தெளிப்பதில்தான் வருகிறது, ஐடிலில் அந்தத் தெளிப்பு போதாது. 1,500-க்கும் 2,000-க்கும் நடுவே மாற்றி மாற்றி இருபது நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினோம்.

கீரிப்பாறை ஏற்றத்தில் முன்பு முதல் கியருக்கு இறங்கிய வளைவுகளில் இப்போது இரண்டாவது கியரிலேயே ஜீப் இழுக்கிறது. வெடிச்சத்தம் இல்லை. சமதளத்தில் வேகமாக ஓட்டினால் முன்பைவிடக் கொஞ்சம் மந்தமாகத் தெரிகிறது என்று தோட்டக்காரர் சொன்னார், எதிர்பார்த்ததுதான். கொஞ்ச நாள் ஓடிய பிறகு டேப்பெட் இடைவெளிகளைத் திரும்ப அளந்தேன். ஒன்றும் விரியவில்லை. லோப் தேயத் தொடங்கினால் முதலில் அந்த இடைவெளிதான் விரியும், ஆகவே ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் அதை அளந்து எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். மழைக்காலத்தில் ஜீப் சும்மா நின்றால் வாரம் ஒரு முறை சூடாகும்வரை ஓடவிட வேண்டும், ஐந்து நிமிடம் போட்டு அணைத்தால் உள்ளே ஈரம்தான் கூடும்.

மாஸ்டரும் தொட்டிலும் அண்ணாச்சியின் பட்டறையிலேயே இருக்கின்றன. பல் சக்கரம் ஓட்டும் எல்-134 கேம் யாரிடமாவது தேய்ந்து கிடந்தால் இதே மாஸ்டரில் அரைக்கலாம். கொண்டுவரும்போது ஷாஃப்ட்டோடு கேம் சக்கரம், எட்டு டேப்பெட், கீ எல்லாம் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். செயின் ஓட்டும் பழைய ஷாஃப்ட்டுக்குச் சுற்றும் திசையும் லோப் வரிசையும் வேறு, அதை முதலில் தனியாக அளந்து பார்த்த பிறகே வீல் பக்கம் கொண்டுபோக முடியும்.